பூசைக்குப் போன கணினி

ராஜராஜேஸ்வரி வேலை பார்க்கும் பாளையங்கோட்டைப் பள்ளியில் இரண்டு வருடங்களுக்கு முன் பதினெட்டுக் கணினிகளுக்கு ஒரே நாளில் ஆயுள் முடிந்தது. அவற்றுக்கு ஒரு நோயும் இல்லை. புதிய விண்டோஸ் இவற்றில் ஏறாது என்று எங்கோ உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னார்கள். இங்கே நிர்வாகம் தலையாட்டியது. பழைய இரும்புக் கடை ஆட்டோ வாசலில் வந்து நின்றபோது, அலுவலக உதவியாளரான அவள் ஒருத்திதான் வாய் திறந்தாள்.

"நல்லா ஓடுத மிஷினச் செத்துப்போச்சுன்னு எழுதிக் கொடுக்க அவனுவ யாரு?"

அந்தக் கணினிகளில் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். நகரப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு மகாராஜநகர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அப்போது அவளுக்கு வயது நாற்பத்தாறு. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸை யாரும் சொல்லித்தரவில்லை. மூன்று தடவை எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். நான்காவது தடவை பெட்டி எழுந்து நின்றது. அன்றிலிருந்து பிரிஜ்ஜுக்குப் பக்கத்துப் பலகைதான் அதற்கு இடம். குடும்பத்துப் புகைப்படங்கள் அதில் இருந்தன. கணவர் அருணாசலம் சேர்த்து வைத்த பழைய பாட்டுகள் இருந்தன. இணையத்தில் எங்கோ அந்நியன் வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு மாதாமாதம் வாடகை கட்டுகிற வேலை இல்லை. விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட கார் பந்தய விளையாட்டும் அதில் சீறிக்கொண்டு ஓடியது. பள்ளியில் சமையலும் கோலமும் பேசுகிறவர்களிடம் அவள் நேற்றுப் பந்தயத்தில் தான் முந்திய கார்களைப் பற்றிப் பேசினாள். சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்று அந்தப் பெட்டிக்குள் நடந்துகொண்டிருந்தது. மேலப்பாளையத்துத் தஸ்லிமா அவளோடு அதே அலுவலகத்தில் வேலை பார்த்தவள்; கணவனோடு சவூதியில் இருக்கும் தம்மாமுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது, ஒரு தடவைகூட ஊருக்கு வர முடியவில்லை. கட்டைகளை அடுக்கி உலகம் கட்டுகிற இலவச விளையாட்டு ஒன்றை ராஜராஜேஸ்வரி தன் பெட்டியில் ஏற்றி, தஸ்லிமா அங்கிருந்தே இணையம் வழியாக உள்ளே வர வழி செய்துகொடுத்தாள். இருவரும் கட்டியது தாமிரபரணியை. பாபநாசத்து அணையில் தொடங்கி, ஊர் ஊராக இறங்கி வந்தார்கள். குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தஸ்லிமா கட்டினாள். மேலப்பாளையத்துப் பள்ளிவாசலை இவள் கட்டினாள். தம்மாமில் போல அழைத்துப் போக ஆள் தேடாமல் தஸ்லிமா தன் ஊரில் நடந்து திரிந்தது அந்த ஆற்றங்கரையில்தான்.

ஆயுத பூசை அன்று ராஜராஜேஸ்வரி பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது பிரிஜ்ஜுக்குப் பக்கத்துப் பலகையில் பெட்டியைக் காணோம். திரையும் தொங்குகிற வயரும் மட்டும் இருந்தன.

பெட்டி பூசை அறையில் இருந்தது. பூசை இலையில், அரிவாள்மனைக்கும் ஸ்கூட்டர் சாவிக்கும் நடுவில், நெற்றி நிறையச் சந்தனத்தோடு. காற்றுப் போகிற ஓட்டையில் குங்குமம் அப்பியிருந்தது.

"யாரு வயரப் புடுங்கினது?"

"ஏன், நாந்தான் சொன்னேன், அருணாசலம் புடுங்கினான்" என்றாள் சொர்ணாம்பாள். அருணாசலத்தின் அக்காள், பண்டிகைக்கு வந்திருந்தாள். "இன்னைக்கு ஒருநா ஆயுதத்துக்கு ஓய்வு கொடுக்காண்டாமா? நாளைக்குக் காலைல மறுபூசை முடியட்டும், எடுத்துக்கோ."

இரவும் பகலும் ஓடுகிற பெட்டி அது; ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தைப் பிடுங்கினால், பாதி எழுதிய கோப்பு சிதைந்து போகலாம். நகல் இருந்தது. ஏப்ரல் மாதத்து நகல். சாமி கண்ணைக் குத்தும் என்பதை எட்டு வயதிலேயே நம்ப மறுத்தவள், தன் பெட்டிக்கு மட்டும் எதுவும் ஆகாது என்று ஆறு மாதமாக நம்பிக்கொண்டிருந்தாள். அதுவும் மூடநம்பிக்கைதான். அதற்கு வேறு பெயர் கிடையாது.

போன் அடித்தது. தஸ்லிமா.

"ராஜிக்கா, என்னக்கா இது, ஆத்தையே காணோம்?"

"வாரேன் இரு, பத்து நிமிசம்" என்று சொல்லி வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள். "பிரிஜ்ஜுக்குப் பொட்டு வச்சிருக்கியள்லா?"

"வச்சிருக்கு."

"நிறுத்தினியளா?"

"பாலு கெட்டுப் போகும்லா."

"தண்ணி மோட்டாரு? அதுக்கும் பொட்டு இருக்கு, இப்பதான் ஓடிச்சு. டவுன் பஸ்ஸு மாலையோட ஓடுது. எல்லாம் ஓடலாம், என் பெட்டி மட்டும் ஓயணுமா?"

அருணாசலம் மெல்ல, "அது விளையாட்டுப் பெட்டிதான..." என்றார்.

"அப்பிடிச் சொல்லுங்க. பொம்பள விளையாடுத பெட்டின்னா புடுங்கலாம். உங்க போன் எங்க?"

அவர் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டது.

"காலைலேருந்து எத்தன வாழ்த்து அனுப்பினிய? அதுக்கு ஓய்வு கிடையாதா?"

சொர்ணாம்பாள் குலுங்கிச் சிரித்துவிட்டாள். "ஏலே, நல்லா மாட்டுனியா! கொடுத்துருலே அந்தப் பெட்டிய." பிறகு பூசை இலையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "ஆனா வச்ச எடத்த வெறுமனே விடக் கூடாது. ஒன் போன வை இங்கன."

"எக்கா..."

"வைலேன்னா வை. நாளைக்கு மறுபூசை முடிஞ்சு எடுத்துக்கோ."

போன் இலையில் உட்கார்ந்தது. சொர்ணாம்பாளே பொட்டும் வைத்தாள்.

ராஜராஜேஸ்வரி ஈரமில்லாத துணியால் பெட்டியைத் துடைத்து, குங்குமத்தைத் தூரிகையால் தட்டி எடுத்து, மறுபடி பலகையில் வைத்து இணைத்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. தகவல் பதியும் வட்டில் பழுது இருக்கிறதா என்று பெட்டி தானாகச் சோதித்துக்கொண்டிருந்தது. அவள் நகத்தைக் கடித்தாள். எழுத்துகள் ஓரிடத்தில் நின்றன. நின்று, மறுபடி ஓடின.

ஆறு வந்தது. அணை, படித்துறை, பாலம், பள்ளிவாசல், எல்லாம் இருந்தன. காலையில் தஸ்லிமா கடைசியாகக் கட்டிய பாலத்து வளைவு ஒன்று மட்டும் பாதியில் நின்றது.

"போனா போவுதுக்கா, ரெண்டு பேருமா கட்டிருவோம்" என்று, மறுபடி அழைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் சிரித்தாள் தஸ்லிமா.

முதலில் நகல். இனி தினமும் காலை நான்கு மணிக்குப் பெட்டி தானாகவே வேறொரு வட்டில் நகல் எடுக்கும்படி இரண்டு வரி எழுதி வைத்துவிட்டுத்தான் ராஜராஜேஸ்வரி பாலத்துக்குப் போனாள்.

கையில் போன் இல்லாத அருணாசலம் கொஞ்ச நேரம் வீட்டைச் சுற்றி வந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு மனைவியின் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். இரண்டு வருடத்தில் அவர் அந்தத் திரையைப் பார்த்தது அன்றுதான்.

"தஸ்லிமா, குறுக்குத்துறைக் கோயிலு கரையில இல்லம்மா. ஆத்துக்குள்ளல்லா இருக்கு."

"வெள்ளத்துல போயிருமேன்னு பயந்து தள்ளி வச்சுட்டேன் அண்ணாச்சி."

"எத்தன வெள்ளம் பாத்திருக்கு! முருகன் நிக்கான்லா, அதான் அசையல."

"கல்லு வெட்டினவன் தண்ணியோட வேகத்துக்குக் கணக்குப் போட்டு வெட்டிருக்கான், அதான் அசையல" என்றாள் ராஜராஜேஸ்வரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்கன வைக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

"இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு. இன்னும். ம், அங்கனதான்."