ஒரு தொண்டையில் ஒரு கொயர்

தைராய்டு கட்டியை எடுக்க நாகர்கோவிலில் தேதி குறித்தபோது, குரல் நரம்பு பக்கத்தில்தான் ஓடுகிறது என்றார் டாக்டர். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, குரல் மாறவும் செய்யலாம் என்றார். எனக்குப் பின்பாதி மட்டும்தான் காதில் நின்றது.

இருபது வருஷமாகச் சபையின் பாட்டுக்குழுவான கொயரில், பெண்களின் உச்சக்குரலான சோப்ரானோ பாடுகிறேன். என் குரலைப் பதிந்து வைக்கத் தோன்றியதே இல்லை. இப்போது போனில் பாடிக் கேட்டால், தனிக்குரல் யாருமற்ற வீட்டில் பேசுவதுபோல இருந்தது. எல்லாப் பாகத்தையும் நானே பாடி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம் என்று ஓர் ஆப்பை இறக்கினேன்.

கையில் ஒன்பது நாள்தான். மத்தியானம் புதுக்கடை பஸ் போன பிறகு ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, ஃபேனை அணைத்துவிட்டு, முந்தைய பதிவைக் காதில் கேட்டபடி பாடுவேன். கை தன்னால் கட்டியைத் தொட்டுப் பார்க்கும். இருக்கிற குரலையும் பாடியே கெடுத்துவிடுவேனோ என்று வேறு பயம்.

முதலில் நான்கு பதிவும் ஒரே ஆளாகவே கேட்டது. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் மூச்செடுத்திருந்தேன். பிறகு ஒரு தடவை பீரோவைப் பார்த்து நின்றேன், ஒரு தடவை கதவோரம். மூச்சை இடம் மாற்றினேன். வல்லின எழுத்துகளை ஒரு பதிவில் மட்டும் அழுத்தினேன். ஏழாவது அடுக்கில் கொயர் வந்துவிட்டது.

ஆண்கள் பாடும் அடிக்குரலான பேஸ் மட்டும் எனக்கு எட்டவில்லை. கணவரைக் கூப்பிட்டேன். கணக்கு வாத்தியார், பாடுகிற ஆள் இல்லை. ஒன்றும் ஆகாது என்று தினமும் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தவர். நான் சுருதி காட்டக் காட்ட, வரி வரியாகப் பாடித் தந்துவிட்டு எழுந்து போனார்.

மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு அவர் பதிவை மட்டும் கேட்டேன். நீட்டிய இடமெல்லாம் குரல் நடுங்கியது.

மறுபடி கூப்பிட்டேன். "உங்களுக்கும் என்னைப்போலப் பேடியா இருக்கா?"

மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆஸ்பத்திரியில ஒப்புப் போடச் சொன்ன அன்னையிலேருந்தே இருக்கு. ஒனக்க முன்னால எப்படிச் சொல்லுவேன்?"

அதன்பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே பயந்தோம். அது கொஞ்சம் லேசாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்து விழித்ததும் தண்ணீர் கேட்டேன். காற்றுதான் வந்தது. ஆறு வாரம் தாளில் எழுதிக் காட்டினேன். பேச்சு திரும்பியது, மேல் சுரங்கள் திரும்பவில்லை. இப்போது பெண்களில் கீழ்க்குரல் பாடுகிற ஆல்டோ வரிசையில் நிற்கிறேன். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், குரல் வருமா என்று எச்சிலை விழுங்கிப் பார்க்கிறேன். இதுவரை வந்திருக்கிறது.