டம்பெல் கேட்டு வந்தவர்கள்

உடற்பயிற்சிச் சாமான் விற்கிற கடைக்குத் தை மாதம் முழுக்க ஆட்கள் வாங்க வருவார்கள். மாசி பிறந்ததும் அதே ஆட்கள் 'திருப்பி எடுப்பீங்களோ' என்று கேட்டு வருவார்கள்.

ஆசைப்பட்டு வாங்கிய சைக்கிள் மெசினில் தோய்த்த சாரமும் துவாயும் காயப்போட்டிருக்கிற வாசகர்கள் வெட்கப்பட வேண்டாம். என் வீட்டிலும் அதே கதைதான். மானிப்பாயில் இந்தக் கடையில் நிற்கத் தொடங்கிய பிறகு ஒன்று விளங்கியது: எங்கள் பக்கத்து வீடுகளில் உடற்பயிற்சிக்கு ஒதுக்குகிற இடம் ஒரு பாய் விரிக்கிற அளவுதான். அதனால் பாரம் மாற்றக்கூடிய டம்பெல்தான் அதிகம் போகும். அதில் இரண்டு வகை. ஒன்றில் பிடியின் இரண்டு பக்கமும் இரும்புத் தட்டுகளைக் கோத்து, திருகுச் சுரை போட்டு இறுக்க வேண்டும். மற்றது ஒரு தட்டத்தில் இருக்கும். பிடியை வேண்டிய எண்ணுக்குத் திருப்பிவிட்டுத் தூக்கினால் அந்த அளவு பாரம் மட்டும் கையோடு வரும், மிச்சம் தட்டத்திலேயே கிடக்கும்.

எது நல்லது என்று கேட்பார்கள். என்னத்துக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். கேட்டிருக்கவே கூடாது என்று சில நாள் தோன்றும்.

இறாத்தல்

கபிலன் உடுவிலில் இருந்து வந்தான். வங்கியில் வேலை, முப்பது வயது இருக்கும். ஒவ்வொரு டம்பெல்லாகக் குனிந்து பார்த்தானே தவிர ஒன்றையும் தூக்கவில்லை.

"அண்ணை, இறாத்தலிலை, அதுதான் பவுண்ட்ஸிலை, நம்பர் போட்டது இல்லையோ?"

"பேக்கரியிலை பாணுக்குத்தான் தம்பி இறாத்தல். உது எல்லாம் கிலோ."

அவன் காது சிவந்துவிட்டது. பிறகு மெல்லச் சொன்னான். கலியாணம் எழுதி முடிந்ததும் மனிசி கனடாவுக்குத் திரும்பிவிட்டாள். இவனுக்கு விசா வரவேண்டும். அவளிடம் அங்கே இறாத்தல் போட்ட ஒரு சோடி டம்பெல் இருக்கிறது. எங்களுக்கு விடிகிற நேரம் அவளுக்கு இரவு. இரண்டு பேரும் போனைச் சுவரோடு சாத்தி வைத்துவிட்டுச் சேர்ந்து தூக்கப் போகிறார்களாம். "அவ இருபது எண்டு திருப்பேக்கை நானும் இருபது எண்டு திருப்ப வேணும். நான் ஒன்பது கிலோ எண்டு சொன்னா அது வேறை மாதிரி அண்ணை." பாரம் ஒன்றுதானே என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. கொழும்பில் சொல்லி வைத்து, இறாத்தல் போட்ட சோடி ஒன்றை எடுப்பித்துக் கொடுத்தேன்.

விசா வர நெடுங்காலம் ஆனது. இடையில் ஒருமுறை மறுத்தும் விட்டார்கள். அந்த நாட்களில் கடைப் பக்கம் வந்தால் சாமான் ஒன்றும் வாங்காமல் சும்மா நின்று கதைத்துவிட்டுப் போவான். கடைசியில் விசா கிடைத்த பிறகு ஒரு நாள் அந்தச் சோடியைத் துடைத்து, தட்டத்தோடு கொண்டுவந்து மேசையில் வைத்தான். கொண்டு போகவில்லையா என்று கேட்டேன். அவன் சொன்னது: "அங்கை ஒரு சோடி இருக்கு அண்ணை. இனி ஆளுக்கு ஒண்டு எண்டாலே காணும்."

கடற்காற்று

அலோசியஸ் அண்ணை குருநகரில் கடற்தொழில் செய்தவர். வலை இழுக்கும்போது தோள்மூட்டுத் தசை கிழிந்து, ஒப்பரேசன் செய்து, ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்தார். படகில் அவரோடு போனவர் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். மெல்ல மெல்லப் பாரம் தூக்கிப் பழகச் சொல்லி ஆசுபத்திரியில் சொன்னார்களாம். எண் திருப்புகிற வகை அவருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. "உங்கடை வீடு கடலோடை அண்ணை. உப்புக்காத்து உள்ளுக்கை போனா இறுகிப்போகும். ரப்பர் பூசின தட்டு எடுங்கோ" என்று மாற்றிக் கொடுத்தேன். பிடியும் ஒரு சோடிச் சின்னத் தட்டும் வாங்கிப் போனார். அதற்குப் பிறகு இடைக்கிடை வந்து ஒவ்வொரு சோடித் தட்டாக வாங்குவார். வாங்கியதும் வாசலில் நின்று, "எத்தினை கிலோ தூக்கினா கடலுக்குப் போகலாம்?" என்பார். எனக்கென்ன தெரியும்?

ஒரு நாள் அவருடைய மனைவி பிலோமினா அக்கா போன் எடுத்தா. "தம்பி, இனி அவர் தட்டுக் கேட்டா முடிஞ்சுது எண்டு சொல்லும். அந்தத் தோளோடை போய் நடுக்கடலிலை என்ன செய்வார்?" அடுத்த முறை அவர் வந்தபோது சொல்ல வாயெடுத்தேன். தட்டுகளோ அவர் கண்ணுக்கு நேரே அடுக்கியிருந்தன. "என்ன தம்பி, மனிசி கதைச்சவவோ?" என்று கேட்டுவிட்டுத் தானே ஒரு சோடியை எடுத்துக்கொண்டார்.

சோளகக் காற்று ஓய்ந்த பிறகு ஒரு காலையில் இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். அக்காவின் மடியில் பையில் சுற்றிய பாரை மீன். அவர் போகத் தொடங்கிவிட்டார், கிட்டக் கடலுக்கு மட்டும். மீனை என்னிடம் நீட்டியபடி அக்கா சொன்னா: "கடலுக்குப் போன மனிசனைப் பாத்துக்கொண்டிருக்கலாம் தம்பி. வீட்டிலை இருந்து கடலையே பாக்கிற மனிசனைப் பாத்துக்கொண்டிருக்கேலாது."

ரெண்டரை

ஒரு அம்மாவின் வீட்டுக்கு, பிரான்சில் இருக்கிற மகன் போனில் சொல்லித்தான் ஒரு சோடி போனது. ஆவணியில் வருகிறானாம், தன்னுடைய பழைய அறையில் ஒரு சின்ன ஜிம் போட்டு வைக்க வேண்டுமாம். அறையை அளந்து, கட்டிலை ஒரு பக்கம் தள்ளி, எண் திருப்புகிற சோடியை யன்னலோரம் வைத்துவிட்டு வந்தேன். அந்த வீட்டில் தாய் தனிய இருக்கிறா. ஆவணியில் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த ஆவணியிலும் வரவில்லை.

அம்மா ஒரு நாள் போன் எடுத்து, எண் திரும்பவில்லை, பழுதாகிவிட்டது என்றா. போய்ப் பார்த்தேன். பழுது இல்லை. தூக்கியதைத் தட்டத்தில் சரியாக இருத்தாவிட்டால் அது பூட்டிக்கொள்ளும். "ஆரம்மா தூக்கினது?" என்றேன். நான் சரிசெய்ததும் அவவே குனிந்து ஆகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பினா. இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தா. பிறகு என்னைப் பாராமல் சொன்னா: "பிறக்கேக்கை அவன் ரெண்டரைக் கிலோ தம்பி. இதே பாரம்தான்."

அறுபது கிலோ

தவமலர் ரீச்சர் வந்த கையோடு கேட்டா, "அறுபது கிலோ தூக்கப் பழக எது நல்லது?" நான் சிரிக்கப் போனேன், அவவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். கணவருக்குப் பாரிசவாதம், ஒரு பக்கம் இயங்காது. முந்தி ஞாயிறு தோறும் சைக்கிளில் போய்க் கடலில் குளிப்பவராம், இப்போது கட்டிலில் படுத்தபடி கடலைப் பற்றியே கதைக்கிறாராம். வேறு ஆட்கள் தூக்குவது அவருக்கு வெட்கம். "அந்த அறுபது கிலோவையும் நானே தூக்கி ஓட்டோவிலை ஏத்த வேணும்."

கையை விடக் காலில்தான் பலம் வேண்டும், ஆசுபத்திரியில் பயிற்சி கொடுக்கிறவர்களிடமும் தூக்குகிற முறையைக் கேளுங்கள் என்று சொல்லி, ஒரு சோடியைக் கொடுத்து, அதைப் பிடித்தபடி கதிரையில் இருந்து எழும்பிப் பழகச் சொன்னேன். அன்றைக்கு அவவால் வெறுங்கையோடு எழும்பவே சிரமம். திரும்ப வருவா என்று நான் நினைக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு கடை வாசலில் ஓட்டோ வந்து நின்றது. உள்ளே அவர் ஈரத்தலையோடு, தோளில் துவாய். ரீச்சரின் சேலை முழங்கால் வரை நனைந்து மண் ஒட்டியிருந்தது. அவர் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்: "கலியாணத்தண்டு நான் தூக்கப் போக, உவ வெக்கத்திலை விடேல்லை. இப்ப பாரும் தம்பி, கடற்கரையிலை அவ்வளவு சனத்துக்கு முன்னாலை உவ என்னைத் தூக்கினவ."

இத்தனை பேருக்குப் பாரம் பார்த்துக் கொடுத்த எனக்குச் சாமான் ஏற்றி இறக்கியே இடுப்புப் பக்கம் நாரி பிடித்துவிட்டது. உடற்பயிற்சி செய்தால் சுகம் வரும் என்று வாடிக்கையாளர்கள் எல்லாரும் புத்தி சொல்கிறார்கள்.