லெசோதோவுக்கு ஓர் அர்ச்சனை

போன செவ்வாய்க்கிழமை காலை பெங்களூரில் மகன் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது மதுரையிலிருந்து பாண்டியன் போன் செய்தார். எடுத்ததும் சத்தமாகப் பேசுகிற மனிதர் அன்று மெதுவாக நலம் விசாரித்தார். பிறகு, "யக்கா, சேதுராம் அண்ணன் தவறிட்டாரு. காபி கேட்டிருக்காரு. கொண்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றார். நான் முறத்தை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கீரையை மருமகள்தான் எடுத்துப் போனாள்.

சேதுராம் அண்ணனும் நானும் மதுரையில் ஒரே அரசு அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் எதிரெதிர் மேசையில் வேலை பார்த்தோம். இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் பலருக்கு அவரைக் கோச்சடையில் காலை நடைக்கு வருகிறவராகத்தான் தெரியும். அந்த நடையில் அவர் வைத்திருந்த வழக்கம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது. யார் ஓய்வு பெற்றாலும் அவர்களுக்கு ஒரு நாட்டைக் கொடுத்துவிடுவார். சின்ன நாடாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நடை முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் அந்த நாட்டைப் பற்றி ஏதாவது ஒரு செய்தி சொல்ல வேண்டும். அவர் மால்டோவாவை வைத்துக்கொண்டார். கப்பலூர்த் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்த பாண்டியனுக்கு நவ்ரு. எனக்கு லெசோதோ வந்தது.

நான் கொஞ்சம் கோபக்காரி. "ஈராக்குல அம்புட்டுப் பேர் சாகுறாங்க. நீங்க பேர் தெரியாத ஊரையெல்லாம் கட்டிக்கிட்டு அழுவுறீங்களே" என்று ஒருநாள் சண்டை பிடித்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே பதில் சொன்னார். "அதைப் பேச ஊரே இருக்கும்மா. வீட்டுல நாங்க பேசுற சௌராஷ்டிர பாஷைக்கு நாடுன்னு ஒண்ணு கிடையாது. எங்க அடுப்படி வரைக்கும்தான் அதோட எல்லை. சின்னதா இருக்கறதோட கஷ்டம் எனக்குத் தெரியும்." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. செய்தியே கிடைக்கவில்லை என்று முனகினால், "செய்தி வரலேன்னா நாம கேக்கலேன்னு அர்த்தம். அங்க சோறு பொங்காமலா இருக்காங்க?" என்பார்.

லெசோதோ பற்றி எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வராது. ஒருநாள் அங்கே மழை பொய்த்து ஜனங்கள் தவிப்பதாக நாலு வரி கண்ணில் பட்டது. துள்ளிக் குதித்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. "வா, பிள்ளையார்கிட்ட சொல்லுவோம்" என்று எங்களைக் கிளப்பிக்கொண்டு போனார். குருக்கள் வழக்கம்போலப் பெயர் கேட்டார். "லெசோதோ" என்றார் அண்ணன். குருக்கள், "குழந்தையா?" என்றார். "நாடு சாமி." கோத்திரம், நட்சத்திரம் கேட்டபோது நாங்கள் விழித்தோம். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. "என் கோத்திரத்துலயே சேத்துக்கங்க சாமி. நட்சத்திரமும் என்னுதையே சொல்லுங்க" என்றார். குருக்கள் கணீரென்று அர்ச்சனையைச் செய்து முடித்தார்.

மறுவாரம் நான் தலையைக் குனிந்துகொண்டு போனேன். நான் படித்தது வெல்லம் கட்டி வந்த காகிதம். தேதியைத் தேடிப் பார்த்தால் அது ஒரு வருடப் பழசு. இதைக்கூடப் பார்க்காமல் விட்டேனே, புத்தி மழுங்கிவிட்டதோ என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாண்டியன் சிரித்துச் சிரித்து இருமினார். அண்ணன் மட்டும், "அதனால என்ன? இந்நேரம் மழை பேஞ்சிருக்கும். அதுக்கு நன்றி சொன்னதா வச்சுக்குவோம்" என்றார். வயதாவதை அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். கை நடுங்கி டீ சிந்தத் தொடங்கியபோது, "முழங்கால் போன வருசமே தனிநாடு ஆயிருச்சு. இப்ப கை சுதந்திரம் கேக்குது. குடுத்துட்டுப் போவோம், சண்டை எதுக்கு?" என்றார்.

என் கணவர் இறந்த பிறகு மகன் பெங்களூருக்கு வந்துவிடச் சொன்னான். நல்ல பிள்ளை, நல்ல மருமகள். குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் எனக்குப் பயமாக இருந்தது. கோச்சடை வீட்டில் நான் ஓர் ஆள். பெங்களூர் போனால் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட்டு, கேட்டதற்குத் தலையாட்டி, கடைசியில் நான் என்று ஒருத்தி இல்லாமலே போய்விடுவேன் என்று தோன்றியது. அதை அவரிடம் மட்டும்தான் சொன்னேன். மறுநாள் பழைய பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றைக் கொண்டுவந்து தென்னாப்பிரிக்காவின் நடுவிலிருந்த லெசோதோ மேல் விரலை வைத்தார்.

"பாரும்மா. நாலு பக்கமும் ஒரே நாடு. இவன் அங்கதான் வேலைக்குப் போறான், அங்கதான் சாமான் வாங்குறான். ஆனா கொடி தனி, ராஜா தனி. நீயும் போ. போய் லெசோதோவா இரு."

"இதை நினைச்சுத்தான் இந்த நாட்டை எனக்குக் குடுத்தீங்களா அண்ணே?"

"அட போம்மா, சீட்டுக் குலுக்கினதுல வந்தது."

போனேன். ஆனால் அவர் சொன்னபடி இருக்க எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் எதற்கும் தலையாட்டினேன். ஞாயிறுதோறும் போனில், "லெசோதோ எப்படி இருக்கு?" என்று கேட்பார். நான் மலை, மழை, கம்பளி ஆடு என்று எதையாவது சொல்லி மழுப்புவேன். அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்கும் தெரியும். நான் மழுப்புகிறேன் என்று அவருக்கும் தெரியும். ஒருமுறைகூட அதைக் குத்திக்காட்டியதில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி கேட்பார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகன், "முழங்கால் வலியோட எதுக்கும்மா? போன்ல விசாரிச்சாப் போதாதா?" என்றான். "நாளைக்குக் காலைல பஸ். டிக்கெட் எடுத்துட்டேன். பத்து நாள் அங்க இருந்துட்டு வாரேன்" என்றேன். அவன் அலமாரி மேலிருந்து என் பையை இறக்கிக் கொடுத்தான். காலையில் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்து, பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்காரவைத்துவிட்டுப் போனான். இவ்வளவுதானா, இதற்கா மூன்று வருடம் பயந்தேன் என்று ஓசூர் தாண்டும்வரை எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக இருந்தது.

சேதுராம் அண்ணனிடமிருந்து நான் எடுத்துப்போவது அந்த ஞாயிற்றுக்கிழமைக் கேள்வியைத்தான். இனி யாரும் கேட்காவிட்டாலும் நானே என்னைக் கேட்டுக்கொள்வேன். அவருக்குச் சொல்லாமல் வைத்திருந்த பதிலை உங்கள் எல்லார் முன்னாலும் இன்று சொல்லிவிடுகிறேன்.

நல்லா இருக்கு அண்ணே.