ஆளுக்கொரு ஒப்புட்டு

தோசைக்கல்லில் வெல்லப் பூரணம் வைத்துத் தட்டிய ஒப்புட்டு வேக, நெய் வாசம் எழுந்தது. அந்த வாசம் வந்தாலே எனக்குத் தங்கை கலாவின் விரல்கள்தான் நினைவுக்கு வரும்.

ஐந்தாம் வகுப்பில் டீச்சர் என் எடையை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். அன்று முதல் வீட்டில் என் தட்டுக்கு மட்டும் பத்தியம். "உனக்கு வேண்டாம் அம்மணி. அவ ஒல்லியா இருக்கறா, திங்கட்டும்" என்று அம்மா கலாவுக்கு மூன்று வைப்பாள். கலா நெய் வழியும் விரல்களை ஒவ்வொன்றாக என் எதிரிலேயே சூப்புவாள். அவளுக்குக் காய்ச்சல் வரட்டும் என்று சாமி கும்பிட்டிருக்கிறேன். மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்ததும் ஒப்புட்டு மூடிவைத்த போசிக்குள் கைவிட்டு, மெல்லாமலேயே விழுங்குவேன்.

என் மகளுக்கும் என் உடம்புவாகுதான். போன மாதம் அவள் பள்ளியில் பெற்றோரையும் உட்காரவைத்து வகுப்பெடுத்தார்கள். "ஒரு குழந்தைக்கு மட்டும் குறைக்காதீங்க. ஊட்டுல எல்லாருக்கும் ஒரே சாப்பாடுங்க" என்றார் மிஸ். அதனால் இன்று அவளுக்கும், அவளுடைய ஒல்லித் தம்பிக்கும், எங்களுக்கும் ஆளுக்கொன்று.

மகள் பாதி தின்றதும் எழுந்துவிட்டாள். "போதும்மா. சைக்கிள் ஓட்டிட்டு வாரேன்."

போதும் என்று சொல்ல அந்த வயதில் எனக்கு வாய்த்ததே இல்லை. பெற்ற மகள் மேல் பொறாமைப்படக் கூடாதுதான். யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தட்டில் மிஞ்சிய பாதியை வாயில் போட்டுக்கொண்டேன்.