வெள்ளிக்கிழமைக் கொடி

கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஆறு மைலில், பஸ் போகிற சாலையோரமாக இருந்தது அந்த மிஷன் ஆஸ்பத்திரி. பன்னிரண்டு கட்டில், ஒரு ஆபரேஷன் அறை, ஓடு வேய்ந்த ஜெபக்கூடம். ராஜம்மாள் அங்கே நர்ஸாக வந்து சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டாள் என்று பெற்றவர்களே பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஞானஸ்நானத்தின்போது வேறு பெயர் வைக்கட்டுமா என்று கேட்டார்கள். அப்பா வைத்தது, இருக்கட்டும் என்றுவிட்டாள்.

வெள்ளைக்கார டாக்டரம்மா இருந்தவரை கட்டில் போதாமல் தரையிலும் பாய் விரித்தார்கள். எழுபத்து நாலில் அவர் தன் நாட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அதன்பின் டவுனிலிருந்து ஒரு டாக்டர், செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வந்துபோனார். டாக்டர் வந்து இறங்கியதும் வாசல் கம்பத்தில் வெள்ளைக்கொடி ஏற்ற வேண்டும். டாக்டரம்மா போகும்போது வைத்துவிட்டுப்போன ஏற்பாடு அது. கொடி தெரிந்தால் பஸ் டிரைவர் நோயாளியை அங்கேயே இறக்கிவிடுவார். தெரியாவிட்டால் நேரே திருவண்ணாமலை பெரியாஸ்பத்திரிதான்.

எழுபத்தேழில் டாக்டர் ஒரு வாரம் வந்தால் ஒரு வாரம் வரவில்லை. கொடி ஏறாத நாளில் யாரும் இறங்கவில்லை. வருஷக் கடைசிக்குள் நோயாளிகள் கூடாவிட்டால் மூடிவிடுவோம் என்று மெட்ராஸ் மிஷன் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. ராஜம்மாள் அதை பைபிளுக்குள் வைத்துக்கொண்டு நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே கம்பவுண்டர் அப்பாசாமியைக் கூப்பிட்டாள்.

"கொடி ஏத்திடுங்கண்ணா."

"டாக்டரே வரலியேம்மா?"

"பத்து மணிக்குள்ள வந்துடுவாரு."

"வரலன்னா?"

"சொறி, சிரங்கு, ஜொரம்னு வர்றவங்கதான் ஜாஸ்தி. நாம பாக்க மாட்டமா?"

"அப்ப எனக்கும் ஒரு கோட்டு தெச்சிக் குடுத்துடுங்க. நானே டாக்டரு" என்றார் அப்பாசாமி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்கு டாக்டர் வரவில்லை. ஒன்பது பேர் இறங்கினார்கள், ஒன்பது பேரும் நல்லபடியாக வீடு போனார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை கொடி ஏற்ற அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டில்கள் மெல்ல நிறைந்தன. டாக்டர் எங்கே என்று யாராவது கேட்டால், "வந்துடுவாரு" என்று சொல்ல வாய் பழகிப்போயிற்று.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, விட்டுவிட்டு மழை. பஸ் நின்றது. மண்ணாங்கட்டி என்கிற ஆள் தன் மனைவி தனத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கினான். தலைச்சன் பிரசவம். சேலை முழங்காலுக்குக் கீழே சிவந்திருந்தது.

"டவுனுக்குத்தான் டிக்கெட்டு வாங்கினேன் சிஸ்டர். டாக்டரு கீறாரு, இங்கியே எறங்குன்னு டிரைவர் சொன்னாரு. எங்க டாக்டரு?"

"வந்துடுவாரு."

சொல்லி முடித்தபோது பஸ் ஏரிக்கரை திரும்பிக்கொண்டிருந்தது. தனத்தைக் கட்டிலில் கிடத்திப் பார்த்ததுமே ராஜம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. குழந்தைக்கு முன்னால் நஞ்சுக்கொடி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. கத்தி வைக்காமல் முடியாது. கத்தி வைக்க ஆள் இல்லை. அடுத்த பஸ் மூன்று மணி நேரம் கழித்து. அப்பாசாமி நடுச்சாலையில் நின்று ஒரு மல்லாட்டை லாரியை மறித்தார். தனத்தைக் கடலை மூட்டைகளின் மேல் படுக்கவைத்து, அடிவயிற்றைக் கையால் அழுத்தியபடியே ராஜம்மாளும் போனாள்.

"அக்கா, குளிருது" என்றாள் தனம். டவுன் வீடுகள் கண்ணுக்குத் தெரியும்போது ராஜம்மாளின் கைக்குக் கீழே எல்லாம் அடங்கியிருந்தது, தாயும் பிள்ளையும்.

மண்ணாங்கட்டி ராஜம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டான். "எவ்ளோ பாடுபட்டீங்க. எங்க தலயெழுத்து, நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று அழுதான். கொடியைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம்.

அதற்குப்பின் டாக்டர் வந்து இறங்காமல் அவள் கொடி ஏற்றவிடவில்லை. கட்டில்கள் காலியாயின. ஜெபக்கூடத்தில் முழங்காலிட்டால் ஜெபம் வரவில்லை, "குளிருது" என்கிற குரல்தான் வந்தது.

தை மாதம் மண்ணாங்கட்டி மறுபடியும் இறங்கினான். கூடவே நிறைமாசமாக அவன் தங்கை பாஞ்சாலை.

"கொடி இல்லன்னு டிரைவர் நிறுத்தவே மாட்டேன்னாரு. சண்ட போட்டு எறங்கினேன். எங்க சிஸ்டர் இருந்தா போதும்னேன்."

"இங்க வேணாம்பா. டவுனுக்கு இட்டுனு போ."

அவன் முகம் விழுந்தது. "எங்க மேல எதுனா கோவமா?"

ராஜம்மாள் படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். கடிதம் வந்ததை, டாக்டர் வராமலே கொடி ஏற்றியதை, அன்றைக்கும் அப்படித்தான் என்பதை. அவன் நின்றபடியே கேட்டான். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டான்.

"டவுனுக்கே போயிருந்தா பொழச்சிருப்பாளா?"

"பொழச்சிருக்கலாம்."

தங்கையின் கையைப் பிடித்துச் சாலைக்கு நடந்தான். வெயில் ஏறியிருந்தது. ராஜம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுபோனாள். பாஞ்சாலை வாங்கிக் குடித்தாள். அவன் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ் வந்தது. "இன்னாப்பா, சண்ட போட்டு எறங்கினவங்கன்னு எதிர் பஸ்ஸுல சொன்னாங்க, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க?" என்றார் கண்டக்டர்.

"இங்க டாக்டரு இல்ல" என்றான் மண்ணாங்கட்டி. கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவனுக்குச் சொல்வதுபோல, பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னான்.

பிறகு அங்கே யாரும் இறங்கவில்லை. சித்திரையில் கட்டில்களை ஏற்றிப்போக லாரி வந்தது. ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தாள் ராஜம்மாள். தனம் படுத்திருந்த கட்டிலைத் துடைக்கும்போது மட்டும், "கொஞ்சம் இருங்கப்பா" என்று ஆட்களிடம் சொன்னாள். அவர்கள் வெளியே போய் பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.