பொன்னுக்கு வீங்கியும் ஒரு கல்யாண மாப்பிள்ளையும்

திருமானூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸாக இருந்தேன். என் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அரியலூரிலிருந்து நான் தினமும் வரும் பஸ்ஸின் கண்டக்டர் உள்ளே நுழைந்தார். பொன்னுக்கு வீங்கி. இரண்டு கன்னமும் பன்னாகப் புடைத்திருந்தன. பொன் போட்டால் வீக்கம் வடியும் என்று கழுத்தில் மனைவியின் தங்கச் சங்கிலி. இரண்டு நாளாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்று சைகையில் சொன்னார்.

ட்ரிப்ஸ் ஏற்றச் சொல்லி டாக்டர் எழுதிவிட்டார். கல்யாணமாகாத ஆணுக்கு இது வந்தால் பிள்ளை பிறக்காது என்று ஊரில் சொல்வார்கள். அப்படி ஆவது அபூர்வம் என்று படித்துப் பரீட்சையே எழுதியவன் நான். ஆனால் அபூர்வம் என்ற சொல் அன்று ஆறுதலாக இல்லை.

"ஸ்டோர் ரூம்ல கொஞ்சம் வேலை இருக்கு சிஸ்டர்" என்று நழுவப் பார்த்தேன்.

மூத்த சிஸ்டர் வழியை மறித்து மாஸ்க்கையும் கையுறையையும் நீட்டினார்.

"தம்பி, இத குடுக்காம உன்னைய உள்ள அனுப்புனா எம்மேல தப்பு. குடுத்தும் நீ போவலன்னா உம்மேல தப்பு. ஒட்டிக்கிற நோயின்னு ஒருத்தரத் திருப்பி அனுப்ப நமக்குச் சட்டத்துல எடமில்ல. மெமோ வந்தா கல்யாண ஆல்பத்துல ஒட்டிக்கிறியா?"

அது கண்டக்டர் காதில் விழுந்துவிட்டது.

"நான் வேணா வெளில உக்காந்துக்குறேன் சார்" என்று வாயைத் திறக்க முடியாமல் முனகிக்கொண்டே எழுந்தார். எவ்வளவு கூட்டத்திலும் எனக்கு இடம் பிடித்துக் கொடுக்கிற மனிதர். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"படுங்கண்ணே" என்று தோளைப் பிடித்துப் படுக்க வைத்தேன். இரண்டாவது குத்தில்தான் நரம்பு கிடைத்தது. பாட்டில் தீரும்வரை பக்கத்திலேயே நின்றேன். அவ்வளவு நேரமும் மூச்சு விட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

அதற்கப்புறம் தினமும் கண்ணாடி முன்னால் கன்னத்தை அமுக்கிப் பார்ப்பதே வேலையானது. கல்யாணத்துக்காகச் சொந்த ஊரான பூலாம்பாடிக்குப் போனபோது அம்மா கண்டுபிடித்துவிட்டார்.

"பல்லு வலிக்குதாடா?"

விஷயத்தைச் சொன்னேன். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"ஒனக்குத்தான் ரெண்டாங் கிளாஸ்லயே வந்து போயிடுச்சே! மூஞ்சி பூசணிக்காயாட்டம் இருக்கு, போட்டோ எடுங்கன்னு ஒரே அழிச்சாட்டியம்!"

ஒருமுறை வந்தால் பெரும்பாலும் மறுபடி வராது என்பதும் பாடத்தில் இருந்ததுதான்.

இதை நான் சிஸ்டரிடம் சொல்லவில்லை. புதிதாகச் சேருகிறவர்களிடம், "மூணு வாரத்துல கல்யாணம். அப்பவும் கூடவே நின்னு பாத்தாரு" என்று அவர் என்னைக் காட்டுவார். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன்.