குப்புறக் கவிழ்த்த துவக்கு அட்டை

காலை 9.10. அக்காவும் நானும் சென்னையிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கினோம். கோயில் பயணம் முடிந்தது. அக்காவை வெள்ளவத்தையில் அவர் வீட்டில் விட்டுவிட்டு மூன்றாம் நாள் நான் கனடா திரும்ப வேண்டும்.

சுங்கத்தில் ஒரு சிங்களப் பெண் அதிகாரி கடவுச்சீட்டைக் கேட்டார். கொடுத்த பிறகுதான் நினைவு வந்தது. மடையன் நான், என் துவக்கு அனுமதி அட்டையை அதற்குள்ளேயே செருகி வைத்திருந்தேன். அல்பேர்ட்டாவில் எனக்கு ஆட்டுப்பண்ணை. நரியைச் சுடத் துவக்கு வேண்டும். அக்காவுக்கு அது தெரியாது. அத்தானை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டுக் கொன்ற நாளிலிருந்து விளையாட்டுத் துவக்கைக்கூட அவர் வீட்டுக்குள் விட்டதில்லை. வருகிற சித்திரையில் என்னோடு வந்து தங்க, பத்து வருடக் கெஞ்சலுக்குப் பிறகு, இப்போதுதான் சம்மதித்திருந்தார். என் பக்கத்திலேயே நின்றார்.

அதிகாரி அட்டையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். சத்தமில்லாமல் அட்டையைக் குப்புறக் கவிழ்த்தார்.

“ஐயா, கொஞ்சம் உள்ள வாங்க. அம்மா இங்க இருக்கட்டும்.”

உள்ளே போனதும் கதவைச் சாத்தினார். “துவக்கு கொண்டு வந்ததா?”

“இல்லை. அங்க பூட்டிக் கிடக்கு.” பயத்தில் எத்தனை, என்ன வகை என்றெல்லாம் உளறத் தொடங்கினேன். கையை உயர்த்தினார்.

“அது உங்க வீட்டு விசயம். இங்க கொண்டு வந்தத மட்டும்தான் நான் கேக்கணும்.”

பையைச் சோதித்தார், அட்டையைத் தந்தார், அவ்வளவுதான். எத்தனையோ எல்லைகளில் நின்றிருக்கிறேன். இத்தனை மரியாதையாக யாரும் என்னைக் கேள்வி கேட்டதில்லை.

காலை 11.00. வெள்ளவத்தைக்கு நாற்பது கிலோமீற்றர், கார் வாடகை ஒன்பதாயிரம் ரூபாய். சாரதி கொட்டாஞ்சேனைக்காரர். “எங்கட பக்கத்தில ஒரு பிளேன்ரீ குடிக்காமப் போகேலாது” என்று தன் தெருக் கடையில் நிறுத்தினார். பாலில்லாத தேநீர், நல்ல சாயம், இஞ்சி தூக்கலாக இருந்தது.

“உள்ளுக்க என்ன கேட்டவை தம்பி?” என்றார் அக்கா.

பொய் சொல்லியிருக்கலாம். முன்பின் தெரியாத ஒருத்தி அவ்வளவு பக்குவமாக மறைத்துக் காத்துத் தந்த அட்டையை வைத்துக்கொண்டு பொய் சொல்ல வெட்கமாக இருந்தது. அட்டையை மேசையில் குப்புற வைத்தேன். அக்கா நிமிர்த்திப் படித்தார். தேநீரை முடிக்கவில்லை.

காலி நகருக்குப் போகும் பெருவீதி நெரிசலில் ஊர்ந்து வெள்ளவத்தை வரும்வரை அக்கா யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, சித்திரையும் போச்சு என்று நினைத்தேன். வீட்டு வாசலில் இறங்கியதும் திரும்பினார்.

“பூட்டித்தானே வைச்சிருக்கிறாய்?”

“ஓம் அக்கா.”

“சித்திரையில நான் வந்து படுக்கப்போற அறையில இருந்து தள்ளி வை.”